ஆறுதல் பரிசு

காகம் உட்காரப் பனம்பழம் விழும் என்பார்கள்.
பீஷானில் பனை ஏது?
வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு
புளோக் 214க்குக் கீழே நான் நடக்க,
மேலே ஏதோ ஒரு மாடியில்
துணி காயும் மூங்கில் கழியில் காகம் உட்கார,
என் தலையில் விழுந்தது
ஈரம் காயாத ஒரு சட்டை.

நீலத்தில் குட்டிக் குட்டி வெள்ளை நங்கூரங்கள்.
முஸ்தபாவில் தள்ளுபடியில் எடுத்தது.
எப்படித் தெரியும் என்றால்
அன்று நான் போட்டிருந்ததும் அதே.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.
காப்புறுதி நிறுவனத்தில்
இழப்பீட்டுக் கோரிக்கைகளை நம்பாமல் இருப்பதற்குச்
சம்பளம் வாங்குகிறேன், பதினாறு வருஷமாக.
'தற்செயலாக' என்ற சொல்லைக் கண்டால்
என் சிவப்புப் பேனா தானே மூடி திறந்துகொள்ளும்.

சட்டையைக் கொடுக்க மேலே போனேன்.
நாலாவது மாடியில் கதவைத் திறந்த ரொஸ்னா
கையிலிருந்த சட்டையைப் பார்த்தார்,
என் மேலிருந்த சட்டையைப் பார்த்தார்,
"ஒன்று போதவில்லையா?" என்றார்.
ஏழாவது மாடியில் சியா அங்கிள்
கதையை இரண்டு தரம் சொல்லவைத்து
பழைய ரசீதின் முதுகில் எதையோ குறித்துக்கொண்டார்.
"காகம் ஒன்றா, இரண்டா?"
ஒன்று.
"நல்லது."

ஒன்பதில், ஊன்றுகோலோடு ஒருவர்.
"அட, என் சட்டை!
அட, அதைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறீர்களே!"
பெயர் அறவாழி என்றார்.
என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
அவர் கோப்பு எனக்கு மனப்பாடம்.

கோப்பி கலக்கி வந்து அவரே ஆரம்பித்தார்.
பிரேடல் சாலைச் சந்திப்பில்
பிப்ரவரியில் ஒரு டாக்சி முட்டியது. இடது முட்டி.
ஆகஸ்டில் அதே சந்திப்பு, அதே டாக்சி,
ஓட்டியவர் அதே ஹம்தான். இந்தத் தடவை வலது.
"இறங்கி வந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்ததும்
தலையில் கைவைத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.
நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.
இப்போது ஞாயிறுதோறும் வருகிறார், கேரம் ஆட.
ஆனால் அந்தக் காப்புறுதிக்காரன் இருக்கிறானே,
முதல் முட்டிக்குப் பணம் தந்தான்.
இரண்டாவதற்கு என்ன எழுதினான் தெரியுமா?
'நம்பும்படி இல்லை.'
அவ்வளவுதான். இரண்டே சொல்."
கோப்பி தளும்பச் சிரித்தார்.
"ஆள் சிரிக்கத் தெரியாதவனாக இருப்பான், இல்லையா?"

நானும் சிரித்தேன்.
எனக்கே நம்பும்படி இல்லாத சிரிப்பு.

மின்தூக்கியில் இறங்கும்போது
இந்தக் காலையை ஒரு படிவமாக நிரப்பிப் பார்த்தேன்.
இடம். நேரம். சேதம்: ஏதுமில்லை. சாட்சி: காகம்.
என் மேசைக்கு வந்திருந்தால்
ஐந்தாம் மாடி தாண்டுமுன் நிராகரித்திருப்பேன்.

அலுவலகத்தில் பழைய கோப்பைத் திறந்தேன்.
மறுபரிசீலனைக்கான காரணம் என்ற கட்டத்தில்
ஒரே ஒரு வரிக்குத்தான் இடம்.
'புதிய தகவல் மேலிருந்து வந்தது' என்று எழுதினேன்.
மேலாளர் அதைத் தலைமையகம் என்று எடுத்துக்கொண்டு
மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம்
கீழே என்னை வழிமறித்தார் சியா அங்கிள்,
கையில் ஒரு பை ரம்புத்தான்.
2149. புளோக்கையும் மாடியையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்.
ஆறுதல் பரிசு, அறுபது வெள்ளி.
"நீ எவ்வளவு கட்டினாய்?"
கட்டவில்லை என்றேன்.
"சட்டை விழுந்தது உன் தலையில் லா!"
என்று என் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தார்,
உள்ளே ஏதாவது இருக்கிறதா என்பதுபோல.

அறவாழிக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது.
அனுப்பியவன் யாரென்று இன்னும் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை கேரமுக்கு
நாலாவது ஆள் வேண்டுமாம்.
மூன்றாவது சியா அங்கிள்.

போகலாம்.
எந்தச் சட்டையில் போவது என்பதுதான் தெரியவில்லை.